அணிமா தீதிக்கு வைத்த இட்லி

பாசமுள்ள அப்பாவுக்கு,

முன்னறையைக் கடக்கும்போது உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பாமல் போக எனக்கு இன்னும் வரவில்லை. ‘எங்கல கெளம்பிட்ட?’ என்று கேட்பீர்களே, அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் செருப்பு மாட்டுகிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

நாளைக்கு உங்கள் முதல் திதி. வருஷம் ஓடிவிட்டது என்று காலண்டர் சொல்கிறது, எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. கல்கத்தாவும் நம் ஜாதவ்பூரும் நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. சாயங்காலமானால் கரண்ட் போகிறது. நீங்கள் ஆபீஸ் போன வழியில் பாதாள ரயிலுக்கென்று தோண்டியது தோண்டியபடி கிடக்கிறது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போகிறேன்.

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசியில், சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடுவோம் என்று இந்தக் காகிதத்தை எடுத்தேன். நாளைக் காலையில் நான் சாப்பிடலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். நிலைமை அப்படி.

‘உனக்கு விட்டுட்டுப் போக எங்கிட்ட என்னல இருக்கு’ என்று அடிக்கடி சொல்வீர்கள். இருந்தது அப்பா. உங்கள் சர்க்கரை வியாதியை ஒரு குறைவும் இல்லாமல் எனக்கே விட்டுப் போயிருக்கிறீர்கள். கண்டுபிடித்தது யார் என்கிறீர்கள்? வியாழக்கிழமைதோறும் உங்களைப் பார்க்க வந்த நர்ஸ், தெருவுக்கே அக்காவான அணிமா தீதிதான். கருமாதி முடிந்து அம்மாவைப் பார்க்க வந்தவர், நான் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் எழுந்து எழுந்து போவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். துக்க வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து டெஸ்ட் ட்யூபை எடுத்து, “போ ஷொங்கர், பிடிச்சுக் கொண்டு வா” என்று கையில் கொடுத்துவிட்டார். சங்கரன் என்ற பெயர் அவர் வாயில் ஷொங்கர்தான், அதை நீங்களும் திருத்தப் பார்த்து விட்டுவிட்டீர்கள்.

சிறுநீரை நீல மருந்தோடு கலந்து விளக்கில் காட்டினார். பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டிச் செங்கல் நிறத்தில், சர்க்கரையின் உச்சத்தில், போய் நின்றது. “செங்கொடி ஏறிட்டு” என்றாள் அம்மா. உங்களுக்குச் செங்கல் நிறம் வருகிற வியாழக்கிழமைகளில் நீங்கள் சொல்லிச் சிரிக்கிற வார்த்தை. சொல்லிவிட்டு அம்மா உடைந்து அழுதுவிட்டாள். உங்களுக்காக அழுதாளா எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் மாத்திரை. அது கேட்கவில்லை, பிறகு ஊசி. உங்கள் கண்ணாடி சிரிஞ்சுதான். அதை வேகவைக்கிற அதே குட்டிப் பாத்திரம், சமையலறைக்குள் விடமாட்டேன் என்று அம்மா நடையில் வைத்த அதே ஸ்டவ். மருந்துக் குப்பி ஈர மணல் பானைக்குள் உங்கள் குப்பி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆளை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

அணிமா தீதியும் மாறவில்லை. டிஸ்பென்சரியில் உட்கார்ந்து மருந்து கொடுக்கிற நர்ஸுகள் எல்லாம் ஃபேன் காற்றில் இருக்க, வீடு வீடாக நடக்கிற வேலை அவருக்கு எப்படி வந்து மாட்டியதோ. குடை, துணிப்பை, முணுமுணுப்பு. முழங்கால் வலிக்கிறது என்பார், ஆனால் ரிக்ஷாவில் ஏறமாட்டார். அப்பளத்தில் உப்பு இருக்கிறது என்று நமக்குத் தடை போட்டுவிட்டு, அவர் மட்டும் அம்மாவிடம் கேட்டு வாங்கி நொறுக்குவார். நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னது சரிதான். பாதி நேரம் எரிச்சலாக வருகிறது, வியாழக்கிழமை அவர் வர நேரமானால் அதைவிட எரிச்சலாக வருகிறது.

முதல் தடவை அவர் நம் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் நாற்காலியில். அவர் விறுவிறுவென்று வந்து உங்கள் காலடியில் குனிந்தார். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்த பழக்கம், பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வருகிறார் என்று நினைத்து நீங்கள் கையைத் தூக்கி, “நல்லா இரும்மா, தீர்க்காயுசா இரு” என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டீர்கள். அவர் உங்கள் கால் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் புண் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “ஆசீர்வாதம் இருக்கட்டும், முதலில் இந்த ஷூவை மாற்றுங்கள் மேசோமோஷாய்” என்றார் வங்க மொழியில். உங்களுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு நீங்கள் பெரியப்பா முறை, மேசோமோஷாய், அம்மா பெரியம்மா முறை, மாசிமா.

நான் ஒரு தடவை கேட்டேன், இப்படி வாரா வாரம் வந்து காலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று. “ஜுரம் என்றால் விருந்தாளி, வந்துவிட்டுப் போய்விடும். இது வீட்டோடு குடியிருக்கிற சாமான். அது போகாதவரைக்கும் நானும் வரத்தான் வேண்டும்” என்றார்.

சரி, என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

வருஷம் திரும்பும் வரை எனக்கு அமாவாசை விரதம் கிடையாது என்று பெரியவர்கள் சொன்னதால் இதுவரை தப்பித்தேன். நாளை திதியோடு ஆரம்பம், இனி என் ஆயுசுக்கும் அமாவாசை தவறாமல் உண்டு. காலையில் கங்கைக்குப் போய் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, திரும்பி வந்து உங்களுக்குப் படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அதற்குப் பிறகுதான் என் வாயில் ஏதாவது படலாம். எப்படிப் பார்த்தாலும் மத்தியானம் தாண்டிவிடும். ஊசியோ காலையில் போட்டாக வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கும் தெரியும் அப்பா. போன மாதம் ஒரு நாள் அவசரத்தில் பாதி தோசையோடு ஓடினேன். பாதாள ரயில் பள்ளத்தைச் சுற்றி பஸ் நகரவே இல்லை. திடீரென்று வேர்த்தது, கை உதறியது, கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் நழுவியது. நான் எங்கே போகிறேன் என்பதே மறந்துவிட்டது. சட்டைப்பையில் அணிமா தீதி போட்டுவைக்கச் சொன்ன சர்க்கரைப் பொட்டலம் இருந்தது, அது இருக்கிறது என்பதும் மறந்துவிட்டது. யாரோ பக்கத்து ஆள் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நல்லவேளை, இந்த ஊர் டீயில் பாதி சர்க்கரை. அன்றைக்கு நான் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

அதனால் அம்மாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். “அம்மா, திதி அன்னைக்கு நான் ஒருவாய் ஏதாவது…” என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“என்ன பேச்சுப் பேசுத? உங்கப்பாவுக்கு இல்லாத சீக்கா உனக்கு? அத்தன வருசம் ஊசியும் போட்டுக்கிட்டு ஒரு அமாவாசை தவறவிட்டாகளா? பச்சத்தண்ணி பல்லுல பட்டிருக்காது. நான் வீட்டுக்கு வந்த நர்ஸம்மாவச் சும்மா அனுப்பக் கூடாதுன்னு நாலு இட்லி வச்சா, அவ அவுக முன்னாடியே உக்காந்து தின்னுட்டுப் போவா. அவுக ஏறெடுத்துப் பாக்க மாட்டாக, தெரியுமா?”

உங்கள் மேல் மரியாதை ஒரு பக்கம், ஐயோ நம்மால் ஆகாதே என்ற பயம் ஒரு பக்கம். உங்கள் மருமகளைக் கேட்டால், “நீங்களும் அத்தையும் பேசி என்ன முடிவு பண்ணுறீகளோ அதுதான்” என்று நழுவிவிட்டாள்.

போன வியாழக்கிழமை அணிமா தீதி வந்ததும் வாசல் வரை கூடப்போய் மெதுவாகக் கேட்டேன். பட்டினியாக இருக்க வேண்டும், அப்பா எப்படித்தான் இருந்தாரோ தெரியவில்லை, அவர் இருந்த மாதிரி நானும் இருக்க வழி சொல்லுங்கள் என்றேன். ஊசியை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டேன்.

அவர் குடையை விரிக்காமல் நின்றுவிட்டார். “பாபா ரே! பட்டினியா? யார் சொன்னது? மேசோமோஷாய் ஒவ்வொரு அமாவாசையும் என் கண் முன்னால் சாப்பிட்டார்” என்றார்.

நான் அசன்சோல் ஆபீஸில் இருந்த வருஷங்களில் நடந்ததை அவர்தான் சொன்னார். ஒரு அமாவாசை அன்று நீங்கள் ஊசியும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு கங்கைக்குப் போனீர்களாம். திரும்பும்போது ஊர்வலம் ஒன்று குறுக்கே வந்து டிராம் நின்றுவிட்டதாம். நீங்கள் வேர்த்து வழிந்து, வாய் குழறி, டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் நெல்லைத் தமிழில் சண்டைக்குப் போனீர்களாம். பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்திருக்கிறான் கிழவன் என்று இறக்கிவிடப் பார்த்திருக்கிறார்கள். நம் தெருக்காரர் ஒருவர் டிராமில் இருந்ததால் பிழைத்தீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் ‘வெயில் கொஞ்சம் தலையில் அடித்துவிட்டது’ என்றுதான் போட்டிருந்தீர்கள். உங்களை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் புத்திசாலித்தனமாக ஊசியை விட்டுவிட்டுப் போனீர்கள். அதையும் சொன்னார். இரண்டு நாள் வாந்தியில் கிடந்தீர்களாமே.

அதற்கு அடுத்த அமாவாசை, யாரும் கூப்பிடாமலே விடிந்ததும் வந்துவிட்டாராம் தீதி. அவர்கள் பஞ்சாங்கத்திலும் அமாவாசை இருக்கிறதே. வந்தவர் உங்களிடம் விரதத்தை விடச் சொல்லவில்லை. “உங்கள் அப்பா எதில் இறந்தார்?” என்று கேட்டிருக்கிறார். கால் புண் ஆறாமல் இறந்தார், அந்தக் காலத்தில் அது சர்க்கரை என்றுகூட யாருக்கும் தெரியாது என்றீர்களாம். “அப்படியானால் அவர் கோபிக்க மாட்டார். இந்த வியாதியை அவர் அனுபவித்திருக்கிறார்” என்றாராம் தீதி.

அந்த நேரம் பார்த்து அம்மா, வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதென்று தட்டில் நாலு இட்லி வைத்துக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டு, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். தீதிக்கு இட்லி ஆகாது. புளித்த மாவு என்றாலே ஓம்பொல், அதாவது நெஞ்செரிச்சல், வந்துவிடும். தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினார். நீங்கள் சாப்பிட்டீர்கள். அம்மா இறங்கி வரும்போது தட்டு காலி.

“அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் அப்படித்தான்” என்றார். கிளம்புகிறவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஷோனோ ஷொங்கர், கேள், மாசிமாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் மனசு உடைந்துவிடும். மேசோமோஷாய் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது சொல்லுங்கள், எந்த அப்பாவை நான் நம்புவது? பச்சைத் தண்ணீர் படாத அப்பாவையா, நர்ஸுக்கு வைத்த இட்லியைத் தின்ற அப்பாவையா? இரண்டு பேரும் பொய் சொல்கிற பெண்கள் இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவை இத்தனை வருஷம் ஏமாற்றினீர்களே என்று. அன்று சாயங்காலம், ஏமாற்றியதால்தானே இத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று தோன்றியது. மறுநாள் மறுபடி கோபம். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை அப்பா. இரண்டு பக்கமும் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

இன்னொரு பயமும் உண்டு. உங்களுக்குத் தீதியின் சத்தியம் துணை இருந்தது, நான் அம்மாவுக்குத் தெரியாமல் எங்கே போய்ச் சாப்பிடுவேன்? தெருவோரம் நின்று கச்சோரி தின்றுவிட்டு வந்து உங்கள் பெயரைச் சொல்லி எள் இறைக்கவா? அதுவும் மனசு ஒப்பவில்லை. பட்டினியே இருந்துவிடுவோம், வருவது வரட்டும் என்று நேற்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தேன். ஊரிலிருந்து ரயிலில் வந்த நம் ஆட்டுரல் சத்தம் தெருவிலேயே கேட்டது. நாளைக்குப் படையல் சமையலில் இட்லி கிடையாதே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா இப்பம் மாவு?”

“நாளைக்குக் காலைல அந்த நர்ஸம்மா வாரேன்னு சொல்லியிருக்காள்ல. சும்மாவா அனுப்ப? நடையில கெடக்க ஸ்டவ்வுல நாலு இட்லி ஊத்தி வச்சிருதேன். அடுக்களைக்குத் தீட்டு இல்ல.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். “அம்மா, அவங்க இட்லி சாப்பிட மாட்டாங்களே. நெஞ்செரிச்சல் வருமாம்” என்றேன்.

அம்மா குழவியை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

“மத்த நாள்ல தின்ன மாட்டா. நான் எத்தன தடவ வச்சிருக்கேன், தொட்டதே கெடையாது. அமாவாசைன்னா மட்டும் ஒன்னு மிச்சம் வைக்காம தின்னுருவா. திதின்னாலும் தின்னுவா.”

உரலில் மாவைத் தள்ளிவிட்டு அவளே சொன்னாள்: “நீ முன்னறையிலயே இரி. அப்பா நாற்காலில இரி. நான் மாடிக்குப் போயிருவேன். துணி நெறையக் கெடக்கு, இறங்கி வர நேரமாகும்.”

நாளைக்குத் துவைக்க வீட்டில் இரண்டு துண்டுகூட இல்லை அப்பா. நான் போய்ப் பார்த்தேன்.

எத்தனை வருஷமாக அம்மாவுக்குத் தெரியும்? முதல் நாளே தெரியுமா, பிறகா? அவளுக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா? மாடியில் காய்ந்த துணியையே மறுபடி உதறிக்கொண்டு அவள் நிற்க, கீழே நீங்கள் அவசர அவசரமாக விழுங்க, தீதி வாசலைக் காவல் காக்க, மூன்று பேரும் ஒரே வீட்டில் என்ன நாடகம் போட்டீர்கள்! சாமிக்குப் பூக்கட்டுகிற மாதிரி அவ்வளவு சிரத்தையாக. டாக்டர் எழுதிக் கொடுத்தது ஊசி ஒன்றுதான். மீதியை இந்த இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பட்டினி கிடந்து உங்களுக்குச் செய்வது பெரிதா, சாப்பிட்டுவிட்டு ரொம்ப வருஷம் செய்வது பெரிதா? எனக்குத் தெரியாது. ஆனால் இன்று ஆட்டுரல் பக்கம் நின்றபோது, உங்களைப் பறிகொடுத்த பிறகு முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது. இதுவரை வரவில்லை, என்னவோ மரத்துப்போனவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்குகிறது, கரண்ட் போகப்போகிறது. முடித்துக்கொள்கிறேன்.

நாளைக்குத் தீதி சொல்கிற அளவு ஊசி போட்டுக்கொண்டு, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு வைத்த இட்லியை ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். சர்க்கரைப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டு கங்கைக்குப் போவேன். உங்கள் பெயரையும் உங்கள் அப்பா பெயரையும் நடுக்கமில்லாத கையால் எள் இறைத்துச் சொல்வேன். இருக்கிற வரைக்கும் ஒரு அமாவாசை தவறவிட மாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

இதில் தப்பு ஏதாவது இருந்தால் என் கனவில் வந்து என்னைத் திட்டுங்கள். தீதியையும் திட்டுங்கள், வாங்கிக்கொள்வார். அம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு எதுவும் தெரியாது.

உங்கள் நாற்காலிக்கும் சர்க்கரைக்கும் வாரிசான மகன்,
சங்கரன்